முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தை பள்ளிக்குப் போகும்போது: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு எட்டு வயதில் முதல்வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று எங்களுக்கு இன்சுலின் போடத் தெரிந்திருந்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கவும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை அவளை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது என்பது மட்டும் தெரியவில்லை. காலை எட்டரை மணி முதல் மாலை நான்கரை மணி வரை யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையோடுதான் அவளுடைய அடுத்த சில வகுப்புகள் கழிந்தன. அதன்பின் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பெற்றோரும், அக்கறையுள்ள ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் கற்றுக்கொண்ட விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். இன்சுலின் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும் என்பதால் அதைக் குழந்தையின் மருத்துவரிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

இது வீட்டில் தாத்தா, பாட்டிக்கு இருக்கும் சர்க்கரை நோய்தானே? குழந்தைக்கு எப்படி வந்தது?

இல்லை, இது வேறு நோய். பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையில் உடலில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது அல்லது சரியாக வேலை செய்யாது. முதல்வகையில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுகிறது. அதனால் மாத்திரையாலோ பத்தியத்தாலோ ஈடுகட்ட முடியாது. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியே ஆக வேண்டும். குழந்தை இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததல்ல, தாய் கருவுற்றிருந்தபோது செய்த தவறாலும் வந்ததல்ல, இன்னொரு குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் உயிரோடிருந்தார்கள். இன்று அதே நோயுள்ள குழந்தை மற்றவர்களைப் போலவே படிக்கிறது, ஓடுகிறது, வளர்ந்து வேலைக்குப் போகிறது. நடுவில் நிற்பது ஒரு நாளைக்குச் சில ஊசிகளும், அவற்றைத் தடையின்றிப் போட்டுக்கொள்ள ஓர் இடமும்தான்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா? பெண் குழந்தை, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது சிக்கல் ஆகுமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலும் என் மாமியார் இதையே சொன்னார், அன்பினால்தான் சொன்னார். ஆனாலும் என் விடை உறுதியானது: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் ஆகிய மூவருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், குழந்தை பேருந்திலோ வேனிலோ போகுமானால் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடும் குழந்தைக்குச் சில வேளை ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அப்படி இறங்கும்போது முதலில் குழம்புவது புத்திதான். தனக்கு என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டிய அந்த நேரத்தில் அதனால் சொல்ல முடியாது. அப்போது அருகில் இருப்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்றால், கணக்குப் பாடத்தில் தூங்கி வழிகிறாள் என்று எழுப்பி நிற்க வைத்துவிடுவார். அது அவருடைய குற்றமாக இருக்காது.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புத் தோழர்களிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைக் குழந்தையிடமே விடலாம். என் மகள் ஆறாம் வகுப்பில் தன் பெஞ்சில் உட்காரும் இரண்டு தோழிகளிடம் மட்டும் சொன்னாள். அதன்பின் அவர்கள்தான் அவளுக்கு முன்பே கவனிப்பார்கள்: "ஏய், உன் கை நடுங்குது, குளுக்கோஸ் எடு."

பள்ளிக்கு என்ன எழுதித் தர வேண்டும்?

ஒரே ஒரு தாள் போதும். தடிமனான கோப்பைக் கொடுத்தால் அது அலமாரிக்குள் போய்விடும். அந்தத் தாளின் மேற்புறம் குழந்தையின் படம், பெயர், வகுப்பு, பெற்றோர் இருவரின் எண்கள், மருத்துவரின் எண். அதன் கீழே, சர்க்கரை இறங்கினால் இந்தக் குழந்தையிடம் தெரியும் அறிகுறிகள்; இதில் "இந்தக் குழந்தையிடம்" என்பது முக்கியம். சில குழந்தைகளுக்கு வியர்க்கும், சிலர் அழுவார்கள், சிலர் காரணமில்லாமல் சண்டை பிடிப்பார்கள். பிறகு, உடனே கொடுக்க வேண்டியது என்ன, எவ்வளவு, அது எங்கே இருக்கிறது; மதிய ஊசி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்; எந்த நிலையில் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், பெரிய எழுத்தில் எழுதுங்கள், கீழே மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு படி ஆசிரியர் அறையில், ஒரு படி வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டில், ஒரு படி குழந்தையின் பையில். ஆண்டுதோறும் ஜூன் மாதம் வகுப்பாசிரியர் மாறுவார். புதியவரை நேரில் பார்த்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தாளைக் கொடுங்கள். எடை கூடும்போது இன்சுலின் அளவும் மாறும் என்பதால் பழைய தாளை அப்படியே விட்டுவிடக் கூடாது.

நான் ஆசிரியர். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஊசி போடும் பொறுப்பையும் நான் ஏற்க வேண்டுமா?

உங்கள் தயக்கம் நியாயமானது. ஊசி போடும் வேலையை எந்தப் பெற்றோரும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. பெரும்பாலான குழந்தைகள் பத்து வயதை ஒட்டித் தாங்களே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். அப்போதும் ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று இன்சுலின் செலுத்தும் பேனா வடிவ ஊசியில் எத்தனை யூனிட் திருகியிருக்கிறது என்று தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதுவே பேருதவி. அதைவிடச் சிறிய குழந்தையாக இருந்தால் மதிய வேளையில் பெற்றோரில் ஒருவர் வந்து போட அனுமதிக்கலாம், அல்லது காலை, மாலை ஊசிகளோடு சமாளிக்கும் முறை இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். சர்க்கரை இறங்கும்போது இனிப்பைக் கரைத்துக் கொடுப்பதற்கோ மருத்துவப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று தலைமையாசிரியர் சொல்லும் பள்ளியில் உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியரின் பெயரைக் குறித்து, அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் யார் என்பதையும் குறித்துவிடுங்கள். குழந்தைக்கும் யாரிடம் ஓடிப் போக வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மதிய ஊசியை எங்கே போட்டுக்கொள்வது?

எங்கே போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற பிள்ளைகள் பார்த்துப் பயப்படுவார்கள் என்று காரணம் சொல்லி, நாங்கள் முதலில் சேர்த்திருந்த பள்ளியில் என் மகளைக் கழிவறையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியின் ஈர விளிம்பில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவையும் இன்சுலின் பேனாவையும் வைத்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வயிற்றில் குத்திக்கொள்வாள். அதை அவள் எங்களிடம் சொல்ல ஓராண்டுக்கு மேல் ஆனது. கழிவறை சுத்தமற்ற இடம், ஊசிக்கு ஏற்றதல்ல என்பது ஒரு பக்கம்; தான் செய்வது ஒளித்துச் செய்ய வேண்டிய காரியம் என்று ஒரு குழந்தை ஒவ்வொரு நாளும் அங்கே கற்றுக்கொள்கிறது என்பதுதான் என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியாதது. அப்படிக் கற்றுக்கொண்ட குழந்தை, பதின்ம வயதில் வீட்டாருக்குத் தெரியாமல் மதிய ஊசியை விட்டுவிடத் தொடங்கும்.

ஆசிரியர் அறையின் ஒரு மூலை, நூலகம், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி என்று கை கழுவ வசதியுள்ள எந்த இடமும் போதும். குழந்தைக்குக் கூச்சமில்லை என்றால் வகுப்பறையிலேயே போட்டுக்கொள்ளலாம். விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பதற்கு இடம் விட்டு எழுந்து போக வேண்டிய தேவையே இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்சில் மாநிலக் கல்வி வாரியங்களுக்கு எழுதிய கடிதத்தில், மருத்துவர் அறிவுறுத்தியபடி சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், முற்பகலிலும் பிற்பகலிலும் சிற்றுண்டி உண்ணவும் முதல்வகை நீரிழிவுள்ள மாணவரை வகுப்பிலும் தேர்விலும் அனுமதிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. தயங்கும் பள்ளியில் அந்தக் கடிதத்தின் படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியர்கள் இந்த ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

போட்ட இன்சுலினுக்குத் தக்க உணவு உள்ளே போகாவிட்டாலும், வழக்கத்தைவிட அதிகம் ஓடி ஆடினாலும் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைச் சரிசெய்தாக வேண்டும். முகம் வெளிறுவது, நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை அரும்புவது, கை நடுக்கம், கடும் பசி, தலைவலி, எரிந்து விழுவது, எழுத்து கோணிப் போவது, கேட்ட கேள்விக்கு வெறித்துப் பார்ப்பது ஆகியவை அறிகுறிகள். நேரத்தையும் கவனியுங்கள். காலையில் 'ரெகுலர்' எனப்படும் சாதாரண வகை இன்சுலின் போடும் குழந்தைக்கு அதன் வேகம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். எனவே பத்தரை, பதினோரு மணிப் பாடவேளையில்தான் அடிக்கடி இறங்கும். அந்த நேரத்துச் சிற்றுண்டியை "இன்டர்வெல்லில் சாப்பிடு" என்று தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

கையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள். இல்லையென்றால், சந்தேகம் வந்த உடனேயே இறங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இறங்கவில்லை என்றாலும் அந்தச் சிறிதளவு சர்க்கரையால் பெரிய கேடு வந்துவிடாது. இறங்கியிருக்கும்போது காத்திருப்பதுதான் ஆபத்து. குளுக்கோஸ் பொடியோ சாதாரணச் சர்க்கரையோ, சிறிய குழந்தைக்கு இரண்டு தேக்கரண்டி, எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவருக்கு மூன்று தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சாக்லேட் கொடுக்க வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவை மீண்டும் கொடுங்கள். ஏறிய பிறகு, அடுத்த வேளை உணவுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடட்டும்.

இந்த நிலையில் குழந்தையைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். ஆசிரியர் அறைக்கும் வேண்டாம், தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். மருந்துதான் குழந்தையிடம் வர வேண்டும். மாடிப்படியில் மயங்கி விழுந்த குழந்தைகளைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன்.

தேறிய பிறகும் அரை மணி நேரமாவது புத்தி முழுத் தெளிவுக்கு வராது. அந்த நேரத்தில் தேர்வோ கேள்வியோ வேண்டாம்.

மயங்கிவிட்டால், அல்லது வலிப்பு வந்துவிட்டால்?

வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர்கூடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள், பிறகு பெற்றோரை அழையுங்கள். அழைக்கும்போதே "முதல்வகை நீரிழிவுக் குழந்தை, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டது" என்று சொல்லுங்கள். குளுக்ககான் என்ற ஊசி மருந்து இந்த நிலைக்கென்றே இருக்கிறது. பெற்றோர் அதை வாங்கிப் பள்ளியில் வைத்திருந்து, யாராவது ஒருவர் போடக் கற்றிருந்தால் அதைப் போடலாம். விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் பல குடும்பங்களிடம் அது இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108-ஐ அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை ஏறினால் என்ன ஆகும்? அடிக்கடி வெளியே போகக் கேட்கிறானே, வேண்டுமென்றே செய்கிறானோ என்று தோன்றுகிறது.

வேண்டுமென்றே செய்வதில்லை. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றுகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் வரும், தாகமும் எடுக்கும். அப்படிப்பட்ட குழந்தையைப் பாடவேளை முடியும் வரை காத்திருக்கச் சொல்வது அதற்குத் தண்டனை. தண்ணீர்ப் பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொள்ளவும், கை தூக்கிவிட்டு உடனே வெளியே போய்வரவும் அனுமதி கொடுத்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறாக இது இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, அதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழம் அழுகியதுபோன்ற வாடை ஆகியவற்றுள் எது சேர்ந்தாலும் அது ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை. அதை அஜீரணம் என்று நினைத்துச் சோடாவோ கஷாயமோ கொடுத்து வகுப்பில் படுக்க வைக்கக் கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரசுப் பள்ளியில் காலை உணவும் சத்துணவும் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். விலக்கி வைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகப் பள்ளியிலேயே கிடைக்கிறது. பல வீடுகளில் அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். கிளம்பும் முன் ஏழு மணிக்கே குழந்தைக்கு இன்சுலின் போட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவார். உணவு தட்டில் விழ எட்டு மணிக்கு மேல் ஆகும். அதற்குள் இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும், குழந்தை பள்ளிக்கு நடந்தும் வந்திருக்கும். வரிசையில் தட்டோடு நிற்கும்போதே சர்க்கரை இறங்கிவிடும். சாதாரண இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பும், விரைவாக வேலை செய்யும் வகை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பும் போடுவதே வழக்கம். அதனால் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், அல்லது பள்ளியில் உணவு தயாரான பிறகு அங்கேயே ஊசி போட வேண்டும். இதற்குப் பள்ளியின் ஒத்துழைப்பு தேவை. சமையல் தாமதமாகும் நாளில் முதலில் இந்தக் குழந்தைக்கு எடுத்து வைக்கும்படி சமைப்பவரிடம் தலைமையாசிரியர் சொல்லி வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மதியச் சத்துணவில் முட்டையும் பயறும் இருப்பது நல்லதே. சோற்றின் அளவுதான் நாளுக்கு நாள் மாறக் கூடாது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு சத்துணவு அமைப்பாளர் அக்கா, ஒரு சிறுவனுக்காக ஒரு குழிக்கரண்டியைத் தனியாக வைத்திருக்கிறார். அந்தக் கரண்டியால் இரண்டு, அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. அவன் அம்மா வீட்டில் அதே அளவுக் கரண்டியை வாங்கி வைத்து மருத்துவரிடம் காட்டி இன்சுலின் அளவைக் கணக்கிட்டுக்கொண்டார்.

பிறந்தநாளுக்கு யாராவது சாக்லேட் கொடுத்தால்?

மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே அவளுக்கும் கொடுங்கள். "உனக்கு வேண்டாம்மா, உனக்குச் சுகர்" என்று வகுப்பு முன்னால் சொல்லி அவளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டோடு உண்ணவும், அதற்கேற்ப ஊசியைச் சற்றுக் கூட்டிப் போடவும் அவளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

விளையாடலாமா? சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

இரண்டுக்கும் அனுப்புங்கள். விளையாட்டுக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் வகுப்பறைப் பையில் இருந்தால் மைதானத்தில் பயன்படாது. உடற்கல்வி ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கட்டும். விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரங்களில் மாலை முழுதும் பயிற்சி நடந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பகலில் ஓடிய ஓட்டத்துக்கு நள்ளிரவில்கூடச் சர்க்கரை இறங்கும்.

சுற்றுலாவுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வைக்க வேண்டும். பேருந்தின் அடிப்பகுதியில் சாமான் வைக்கும் இடத்தில் போட்டுவிடக் கூடாது. வெயிலில் அங்கே அடுப்புபோலக் கொதிக்கும்.

பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வீட்டில் இருக்கட்டும். பிரித்துப் பயன்படுத்தும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை கெடாது. சரியான கால அளவு அட்டையில் அச்சிட்டிருக்கும். வேலூரிலும் திருச்சியிலும் ஏப்ரல் மாத வகுப்பறையில் 30 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. அதற்கு நம் வீட்டு மண்பானையே வழி. ஒரு பானையில் ஈர மணலை நிரப்பி, அதற்குள் இன்னொரு சிறு பானையை இறக்கி, மூடியுள்ள டப்பாவில் இன்சுலினைப் போட்டு அதில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தால் போதும். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை எறிந்துவிட வேண்டியதுதான்.

ஊசி உடைந்துவிட்டால் பக்கத்து மருந்துக்கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது, அல்லது மிகவும் கவனமாக வாங்க வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் விற்கப்படுகின்றன. அதற்கேற்ப ஊசிகளும் இரண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் எடுத்தால் குழந்தைக்குப் போவது இரண்டரை மடங்கு மருந்து. குப்பியின் மேல் உள்ள எண்ணும் ஊசியின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் எந்தப் பெரியவரும் போடக் கூடாது. பையில் எப்போதும் கூடுதலாக இரண்டு ஊசிகள் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

பயன்படுத்திய ஊசியை வகுப்புக் குப்பைத்தொட்டியில் போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் கையில் ஒட்டியிருக்கிறது. அதன் அளவு செல்போனில்தான் தெரியும். பள்ளியில் செல்போனுக்குத் தடை.

தடைக்கான காரணம் எனக்கும் உடன்பாடானதே. போனை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, அவர் மேசைமேல் இருக்கும்படி செய்துகொள்ளலாம். மேலே சொன்ன 2023-ஆம் ஆண்டுக் கடிதமும் தேர்வறைக்கு இதே ஏற்பாட்டைத்தான் சொல்கிறது: சென்சாரும், இன்சுலினைத் தானே செலுத்தும் பம்ப் கருவியும் மாணவர் உடலோடு இருக்கலாம், போன் கண்காணிப்பாளரிடம் இருக்கும். மற்ற பிள்ளைகள் சென்சாரை விளையாட்டில் இழுத்துவிடாமல் இருக்க, அது என்ன பொருள் என்று வகுப்புக்கு ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது.

பொதுத்தேர்வில் என்ன செய்வது?

பதற்றத்தில் சர்க்கரை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-லேயே முதல்வகை நீரிழிவுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை அல்லது மிட்டாய், வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழம், சாண்ட்விச் போன்ற சிற்றுண்டி, 500 மில்லிலிட்டர் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுவரலாம் என்று அறிவித்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள், பெயர்ப்பட்டியல் அனுப்பும் காலத்திலேயே மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து, அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தேர்வன்று காலை, முன்பின் அறியாத மையத்தின் வாசலில் நின்று ஒரு கண்காணிப்பாளருக்கு இன்சுலினைப் பற்றி விளக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள், அல்லது "வேறு பள்ளி பாருங்கள்" என்கிறார்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைத் தொடக்கக் கல்வி முடியும் முன் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. சேர்க்கையின்போது வடிகட்டித் தேர்வு வைப்பதையும், குழந்தையை மன உளைச்சலுக்கு உள்ளாக்குவதையும் தடுக்கிறது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். அதன்பின் மாவட்டக் கல்வி அலுவலர், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண், குழந்தைகளுக்கான 1098 என்று போகலாம். ஆனாலும் என் அனுபவத்தில் பாதி மறுப்புகள் பயத்தால் வருபவை. குழந்தையின் மருத்துவர் தலைமையாசிரியரிடம் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசியதும் கதவு திறந்ததை மூன்று குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர் ஒருவர், நாட்டு மருந்தில் குணமாகும், ஊசியை நிறுத்துங்கள் என்கிறார்.

நிறுத்தாதீர்கள். முதல்வகையில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கிய முதல் சில மாதங்களில், மிஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் சற்றுத் தெளிந்து வேலை செய்வதால் ஊசியின் தேவை வெகுவாகக் குறையும். அந்த நேரத்தில் யார் கொடுத்த எந்தப் பொடிக்கும் பெயர் கிடைத்துவிடும். அந்தக் காலம் தானாகவே முடிந்துவிடும். செலவு தாங்கவில்லை என்பது காரணமானால், அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. கோவையின் இதயங்கள் அறக்கட்டளை போன்றவை வசதியற்ற குழந்தைகளுக்கு உதவுகின்றன.

என் வகுப்பில் யாருக்கும் இந்த நோய் இல்லை. நான் ஏன் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்கள் வகுப்பில் ஒரு குழந்தைக்கு இப்போதுதான் தொடங்கிக்கொண்டிருக்கலாம். அதை முதலில் பார்க்கும் இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். ஒரு மாதத்துக்குள் சீருடை தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு பாட்டில் தண்ணீரும் முதல் இடைவேளைக்குள் காலியாகிவிடும். பாடவேளைக்கு ஒருமுறை வெளியே போகக் கேட்கும். விளையாட்டில் முன்னால் ஓடிய பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். என் மகளுக்கு இவை நான்கும் இருந்தன. வெயில் காலம், அதனால்தான் என்று நினைத்தோம். அவள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம், மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இந்த நான்கும் ஒன்றாகத் தெரிந்தால், பெற்றோரை அழைத்து அன்றைக்கே, மறுநாளைக்குத் தள்ளாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் சர்க்கரை பார்த்துவரச் சொல்லுங்கள். முடிவு தெரியச் சில நொடிகள்தான் ஆகும்.